நீ படிக்க முடியாமல் போன விடுமுறை அறிவிப்பு

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என் தப்பையும் மறைக்க மாட்டேன்.

இன்று மாலை பள்ளிக் கணினி அறையில் உன் பழைய மடிக்கணினியைத் திறந்தேன். உன் அப்பா அதை, பள்ளி இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் குழுவுக்கே கொடுத்துவிட்டார். இன்னும் உங்கள் வீட்டு அடுப்புப் புகை வாசம் அதில் இருக்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் காட்டும் உன் பிரவுசர் வந்தது.

"இதுல இன்னாடி தெரியும்?" என்று ஒருமுறை கேலி செய்தேன். "உனக்குப் படம் சுத்திக்கினே இருக்கும். அதுக்குள்ள நான் படிச்சே முடிச்சிருவேன்" என்றாய். உங்கள் மலையூரில் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். அந்தச் சிக்னலில் எழுத்துதான் வரும், படம் வராது.

அது தெரிந்தும் செய்தேன். ஐப்பசி மழைக்கு விடுமுறை விட்ட காலையில், பள்ளி இணையதளத்தில் அறிவிப்புப் போடும் வேலை என்னுடையது. நம் ஊரில் காதுகுத்து ஆனாலும் கூட்டம் ஆனாலும் ஃப்ளெக்ஸ் பேனர் மாதிரி இருந்தால்தான் அறிவிப்பு. நானும் குடை, மேகம், பூ பார்டர் என்று வரைந்து, சேதியையும் அந்தப் படத்துக்குள்ளேயே வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். பாறை ஏறிப் பார்த்த உனக்கு மட்டும் 'படம்' என்ற ஒரு சொல்தான் தெரிந்தது. வெள்ளிமலை வரை நனைந்து நடந்து, பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் பூட்டிய பள்ளிக் கேட் முன் நின்றாய்.

பள்ளி திறந்த அன்று, "குடை நல்லா வரைஞ்சியாமே! அத்த எனக்குக் குடுத்திருந்தா நனையாம வந்திருப்பேன்டி" என்றாய். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கோடை விடுமுறையில் மஞ்சள் காமாலை வந்து நீ போய்விட்டாய். இப்போது கேட்கிறேன்.

தளத்தைப் புதிதாகச் செய்கிறோம். விடுதிச் சேர்க்கைப் பக்கம் நாளை வெளியாக வேண்டும். மலைப் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் பக்கம் அது. நம் வகுப்பு வனிதாதான் செய்தாள். கடைசி நாள், தேவையான சான்றிதழ்கள் எல்லாம் ஒரே படத்துக்குள். உன் கணினியில் 'படம்' என்ற சொல் தவிர எல்லாம் வெறும் கறுப்பு.

"இதுல பாக்கறவ ஒருத்திதான். அவளும் இல்ல. இனிமே யாருக்குடி?" என்றவள், சொன்ன கையோடு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவ இருக்கச்சொல்லவே நாம கண்டுக்கல. இப்ப எவ பாறை மேல உக்காந்துக்கினு இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

கணினி மிஸ், "அழகு கெட்டுடுமேம்மா" என்றார்.

"படத்த எடுக்கச் சொல்லல மிஸ். எனக்கும் கலர் பிடிக்கும். படத்துல இருக்கறது எழுத்தாவும் இருக்கணும். கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டற சாஃப்ட்வேருக்கும் எழுத்துதான் வேணும். இல்லன்னா இதச் செஞ்சவங்க பட்டியல்ல என் பேரு வேணாங்க மிஸ்."

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றேன். மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்குள்ள முடிச்சிருவியா?"

வனிதா வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். முடிந்ததும் உன் பிரவுசரில் ஒவ்வொரு வரியும் தெரிந்தது. விண்ணப்பப் படிவத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பெயர் தேவைப்பட்டது. உன் பெயரைத் தட்டி அனுப்பினேன். 'விண்ணப்பம் கிடைத்தது' என்று வந்தது. வனிதா அழுதாள்.

இனி நான் செய்யும் எந்தப் பக்கத்தையும் முதலில் இதில்தான் திறந்து பார்ப்பேன். நாளைக்குப் பெரிய கம்பெனியில் வேலை செய்தாலும், யார் சிரித்தாலும்.

"பொண்ணுங்களா, கெளம்புங்க, பூட்டணும்" என்று வாட்ச்மேன் அண்ணன் வாசலில் நிற்கிறார். விளக்குகளை அணைத்துவிட்டார். உன் திரையில் நான் எழுதும் இந்த வெள்ளை எழுத்து மட்டும் தெரிகிறது.