நிலாவுக்குப் பின்னால ஒரு பள்ளம்

மார்ச் 3

அதுக்கில்ல சாமி, நீயே சொல்லு, சோறு திங்கற மேசைக்கு நேரா மாட்டற படமா அது? எங்க அண்ணன் மகளுக்குப் பூ, குருவி எதுவும் கெடைக்கல. நிலாவுக்குப் பின்பக்கம் இருக்கற பெரிய பள்ளமாம். இங்க இருந்து பாத்தா யாருக்கும் தெரியாதாம். தெரியாததே நல்லது! அம்மை போட்ட மூஞ்சி மாதிரி பள்ளத்துக்குள்ள பள்ளம், அதுக்குள்ள இன்னொண்ணு. சீ!

"ஓரமே காணோமேடி?"

"ஒரு காலத்துல இருந்துச்சு அத்தை. மேல மேல கல்லு விழுந்து தேய்ஞ்சு போச்சு. எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுக் கோடு போடறதுதான் என் வேலை."

ரெண்டு வருஷமா அதான் போடறா. கண்ணு உள்ள போயிடுச்சு.

மார்ச் 9

த்தூ! அவளோட மேலதிகாரி, எப்பப் பாரு பல்லைக் குத்திக்கிட்டே இருப்பான், நான் வெச்ச பேரு பல்குத்தி, அவ போட்ட கோடுங்களையெல்லாம் தன் பேருல கட்டுரையாப் போட்டுட்டான். இவளுக்குக் கடைசியில 'நன்றி'ன்னு ஒரு வரி. மென்னு துப்பினதைத் தட்டுல வெச்ச மாதிரி!

இந்த மாசத்தோட இவ வேலை முடியுது. கோடு இவளோடதுன்னு ஆனாத்தான் நீட்டிப்பாங்களாம். அவனுக்கும் மேல இருக்கற பெரிய மேடம் கேட்டதுக்கு, "ஒவ்வொரு கோடும் நான் போட்டது"ன்னு வாய் கூசாம சொல்லியிருக்கான். புள்ள கதவைச் சாத்திக்கிட்டு அழுவுது.

மார்ச் 12

நாளைக்குப் பல்குத்தி இங்க சாப்பிட வரானாம், மேடத்தையும் கூட்டிக்கிட்டு. குடும்பமா உக்காந்து பேசித் தீத்துக்கணுமாம். யாருடா உனக்குக் குடும்பம்?

மார்ச் 13

வந்தான். மூணு தடவை கேட்டு வாங்கித் தின்னான். பல்லுல குத்தி எடுத்ததை மேசைக்கு அடியில தடவினான் சாமி, நான் பாத்தேன்! எனக்குச் சோறு எறங்கல.

அப்புறம் சாஞ்சு உக்காந்து செவுத்தைப் பாத்தான். "இது என்னம்மா, எந்த ஊரு மலை? நல்லா உப்பி நிக்குதே. எரிமலையா?"

எங்க புள்ள குனிஞ்சு சோத்தைப் பெசைஞ்சா. மேடம் கழுத்தைச் சாச்சுப் பாத்தாங்க. எந்திரிச்சுப் போயி படத்தைக் கழட்டித் தலைகீழாப் புடிச்சாங்க. மேடெல்லாம் பள்ளமாயிடுச்சு! வெளிச்சம் விழற பக்கம் மாறினா கண்ணு அப்படி ஏமாறுமாம்.

"இது உங்க பள்ளம்தாங்க. திருப்பி மாட்டியிருக்கு, அவ்வளவுதான். கோடு கோடாப் போட்டவருக்கு எப்படித் திருப்பினாலும் தெரியணுமே?"

"வெளிச்சம் சரியில்ல மேடம்..."

மேடம் இவ பக்கம் திரும்பி, "உனக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"வீட்டுக்குள்ள வந்ததுமே தெரிஞ்சுது மேடம். சார் என்ன சொல்றார்னு பாக்கலாம்னு விட்டுட்டேன்."

அடிக் கள்ளி!

மார்ச் 21

கட்டுரையில அவ பேரு மொதல்ல வந்துடுச்சு. வேலையும் நீட்டிச்சுட்டாங்க. பல்குத்தி பேரை எடுத்துட்டாங்களான்னு கேட்டேன். "ரெண்டாவதா இருக்கு அத்தை." சீ, அது எதுக்கு? மேசைக்கு அடியில வெந்நீர் ஊத்தி ஊத்தித் தேய்க்கறேன், இன்னும் அருவருப்பு போகல.

நீதான் சாமி எறங்கி வந்து படத்தைத் திருப்பி வெச்சதா பக்கத்து வீடு, மாடி வீடு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

இரு, இரு. அவன் சாப்பிட வந்த அன்னிக்குக் காலையில படத்துக் கண்ணாடியில எண்ணெய் தெறிச்சிருந்துச்சு. அந்தக் கருமத்தைப் பாக்கப் புடிக்காம, கண்ணை மூடிக்கிட்டே கழட்டித் தொடைச்சு மாட்டினது நான்தானே?