ரக்பி அணிகளுக்கு வரன் பார்த்தவளுக்கு

அடியே,

பழங்காநத்தத்தில் நம் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் இன்றைக்கு முள்ளு முருங்கை வடை போட்டிருந்தார்கள். வழக்கமாக அங்கே பருப்பு வடையும் வாழைக்காய் பஜ்ஜியும்தான். சாயங்காலம் படியிறங்கி வரும்போது அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. வில்லாபுரத்திலிருந்து நீ டிபன் பாக்ஸில் அடுக்கிக் கொண்டுவருவாயே, மேலே பொடி தூவி, நடுநடுவே வாழை இலைத் துண்டு வைத்து, அச்சு அசல் அதே வாசனை. அந்த நேரம் பார்த்துக் கைப்பையில் போன் அதிர்ந்தது. அமெரிக்காவிலிருந்து மெயில்.

மெயிலில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். உன் அம்மா போட்ட சட்டப்படி குறையை முதலில் சொல்லிவிட வேண்டும். பத்து மாதமாக நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. நாம் எழுதிக் கொடுத்தது அமெரிக்காக்காரர்களுக்குப் பிடித்ததா என்று ஆஸ்பத்திரியில் கேட்டாய். பிடித்திருக்கிறது என்றேன். அது பொய். அவர்கள் அதை முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், படுத்த படுக்கையாய்க் கிடந்த சிநேகிதியிடம் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

மானேஜர் அந்த வேலையைக் கொண்டுவந்து நம் இருவர் மேசையிலும் வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அதுவரை மிக்ஸிக்கும் மெத்தைக்கும் இங்கிலீஷில் வர்ணனை எழுதிக்கொண்டிருந்தோம். திடீரென்று ரக்பி. அமெரிக்காவில் ஒரு விளையாட்டு இணையதளம். அதன் வாசகர்கள் எல்லோரும் அவர்கள் ஊர்ப் புட்பாலில் ஊறிப்போனவர்கள். அவர்களுக்கு உலகத்தின் தொழில்முறை ரக்பி அணிகளைப் பத்துப் பத்தாக அறிமுகப்படுத்த வேண்டுமாம். நமக்கு அந்த ஆட்டமும் தெரியாது, இந்த ஆட்டமும் தெரியாது. "நமக்கும் ரக்பிக்கும் என்னடி சம்பந்தம்?" என்று நான் கத்தினேன். நீ டிபன் பாக்ஸைத் திறந்து, "மொதல்ல தின்னு டீச்சரம்மா, அப்புறம் கத்து" என்றாய். பள்ளிக்கூட வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும் நீ என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவதை விடவில்லை.

இரண்டு வாரம் வீடியோ பார்த்தோம். அமெரிக்க ஆட்டத்தில் தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு சில நொடி மோதுவார்கள், பிறகு நின்று கூடிப் பேசுவார்கள். ரக்பியில் கவசமும் இல்லை, அந்த மாதிரி நிற்பதும் இல்லை. கையால் பந்தை முன்னால் எறியவும் கூடாது. இதைக் கீழே டீக்கடை அண்ணனிடம் நீ விளக்கினாய்.

"பந்த பின்னாடிதான் குடுக்கணும்ணே."

"பின்னாடியே குடுத்தா எப்பம்மா முன்னாடி போறது?"

"பின்னாடி குடுத்துக்கிட்டே முன்னாடி ஓடணும்."

"அப்ப ஒங்க ஆபீசு மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அவர். டீ எனக்குப் புரையேறிவிட்டது.

நான் விதிப்புத்தகத்தை மொழிபெயர்க்கிற மாதிரி எழுத ஆரம்பித்தேன். நீ படித்துப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தள்ளினாய். "ஆட்டத்த யாரு கேட்டா? இந்த வீட்டுக்கு அந்த வீட்ட அறிமுகம் பண்ணச் சொல்லிருக்காங்க. இது வரன் பாக்குற வேலைடி. எங்கம்மா பாத்த வேலை."

உன் அம்மா உங்கள் சௌராஷ்டிர ஜனங்களுக்குள் வரன் பார்த்துக் கொடுத்தவர். ஜாதகக் கட்டுடன் அவர் வீடுவீடாகப் போகும்போது நீயும் கூடவே போயிருக்கிறாய். அவர் போட்ட சட்டம் இரண்டு. முதலாவது, மாப்பிள்ளையின் குறையை முதலில் சொல்லிவிட வேண்டும். "கோவக்காரன், காது கொஞ்சம் மந்தம், எதுவா இருந்தாலும் மொதல்லயே சொல்லிரணும். கேட்டுட்டும் காப்பியக் குடிச்சாங்கன்னா அது நெலைக்கும்." இரண்டாவது, குறையே இல்லை என்று சொல்கிற வீட்டை நம்பக் கூடாது. அப்படி எவராவது சொன்னால் உன் அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவாராம். நேரே அடுத்த தெருவுக்குப் போய் விசாரிப்பாராம். சொல்லும்போது நீ என் தம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, எழுந்து நடந்தே காட்டினாய்.

அதற்குப் பிறகுதான் நமக்கு வேலை ஓடியது. ரசிகர்கள் பெண் வீடு, அணிகள் மாப்பிள்ளை வீடு. அணிப் பெயர்கள் வாயில் நுழையாததால் நீயே பேர் வைத்தாய். எப்போதும் கோப்பையைத் தூக்குகிற பணக்கார அணி பெரிய வீடு. அமெரிக்காவிலேயே புதிதாகத் தொடங்கி, பல தேசத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்ட அணி கூட்டுக் குடும்பம். வருஷம் பூராவும் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு துறைமுக ஊரின் அணி மழை வீடு. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"பெரிய வீடு. ஜெயிப்பாங்க, ஆனா திமிரு சாஸ்தி. எழுதிக்க. கூட்டுக் குடும்பம், நல்ல மனுசங்க, ஆனா வீடு கட்டி இன்னும் சொவரு காயல. மழை வீடு..." என்று சொல்லிச் சிரித்தாய். "எழுவது நிமிசம் புலி மாதிரி ஆடுவாங்க. கடைசிப் பத்து நிமிசத்துல கோட்ட விட்டுருவாங்க. தெரிஞ்சு வாங்கன்னு எழுது."

உனக்கு மழை வீட்டின் மேல் ஒரு கண். சனிக்கிழமை நடக்கும் ஆட்டத்தைத் திங்கள்கிழமை ஆபீஸில் பார்ப்பாய், முடிவு தெரிந்திருந்தும். எழுபதாவது நிமிஷத்தில் "ஐயோ, பிடிங்கடா" என்று மேசையைத் தட்டுவாய். அவர்கள் பிடிக்க மாட்டார்கள்.

வரன் பார்க்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை நாம் அப்போதே செய்துவிட்டோம். உன் கணக்கில் ஒருவருக்கு ஒரு சம்பந்தம்தான். அதனால் எப்போதும் தோற்கிற அமெரிக்க அணிகளின் ரசிகர்களைப் பார்த்து, "பட்டது போதும், அந்த வீட்டை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வாருங்கள்" என்று எழுதினோம். நமக்கு அது பெரிய தர்மமாகத் தோன்றியது. இரண்டு பேருமே கண் கலங்கிக்கொண்டு எழுதினோம், வெட்கக்கேடு.

அப்புறம் வயிற்று வலி என்று லீவு போட்டாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கட்டுரையை முடித்து அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் குறை வரிகள் எல்லாவற்றையும் வெட்டினேன். திமிரு, காயாத சுவர், கடைசிப் பத்து நிமிஷம், ஒன்றையும் விடவில்லை. விளம்பரத்தில் யாராவது குறை சொல்வார்களா என்று டீச்சர் புத்தி போனது. எல்லா அணியும் தங்கம், எல்லா மாப்பிள்ளையும் ராசா என்று மினுக்கி அனுப்பினேன்.

அவர்கள் அதைப் பத்து ரசிகர்களிடம் காட்டியிருக்கிறார்கள். பத்துப் பேரும் கொதித்துப் போனார்கள். அதில் பனி கொட்டும் ஊரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். அவருடைய அணி அவர் அப்பா காலத்திலிருந்து தோற்கிறதாம். அப்பாவும் அவரும் சேர்ந்து தோற்றார்களாம். "என்னை அங்கிருந்து வெளியே வரச் சொல்ல நீங்கள் யார்? குறையே இல்லாத அணி என்று ஒன்றைக் காட்டுகிறீர்களே, என்னை முட்டாள் என்று நினைத்தீர்களா?" என்று கேட்டிருந்தார். தளத்துக்காரர்கள் வேலையை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

அந்த மெயில் வந்த போனைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு மத்தியானம் உன்னைப் பார்க்க வந்தேன். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி, பாதியாக ஆகியிருந்தாய். பார்த்தவுடனே கேட்டுவிட்டாய்.

"என்ன சொன்னாங்க, பிடிச்சிருக்காமா?"

"ரொம்பப் பிடிச்சிருக்காம்டி."

"மழை வீட்ட?"

"அதத்தான் ரொம்ப."

"குறை ஒன்னும் சொல்லலயா?"

"ஒன்னுமே சொல்லல."

என் முகத்தைப் பார்த்தாய். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "சரி. நீ போய்ச் சாப்புடு. மூஞ்சி வாடிக் கெடக்கு" என்றாய். அதிலிருந்து பதினோராம் நாள் நீ இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பைலைத் திறக்கவே பயமாக இருந்தது. வேறு ஆளுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று மானேஜர் கேட்டார். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன், வாய்தவறி அல்ல. பயம் போகவில்லை என்றாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. ஒரு நாள் உன் மேசை டிராயரைக் காலி செய்யச் சொன்னார்கள். மிட்டாய்க் காகிதங்களுக்கு அடியில் நாம் முதலில் எழுதிய தாள்கள் கிடந்தன, வடை எண்ணெய்க் கறையோடு. நான் வெட்டிய வரிகள் எல்லாம் அதில் இருந்தன. உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு எழுத ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு அணிக்கும் குறையை முதல் வரியாக வைத்தேன். வீட்டை விட்டுவிட்டு வா என்பதை அடியோடு எடுத்தேன். உங்கள் அணி உங்களுடையது, அப்பா கொடுத்தது, அதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஆடாத மாதங்களில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், அப்போது இந்த வீட்டுக்கும் வந்து போங்கள் என்று எழுதினேன். நீ இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாய், ரெண்டு சம்பந்தமா, அடுக்குமா என்று. மழை வீட்டுப் பகுதியில் மட்டும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எழுபது நிமிஷம் புலி, கடைசிப் பத்து நிமிஷம் கோட்டை, தெரிந்து வாருங்கள். தளத்துக்காரர்களிடம், இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்கள் என்று கெஞ்சி அனுப்பினேன். போன மாதம் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. போன் அதிரும்போதெல்லாம் அவர்கள்தானா என்று எடுத்துப் பார்த்தேன்.

இன்றைக்கு வந்த மெயில் அந்த பஸ் டிரைவர் எழுதியது. தளத்துக்காரர்கள் அதை எனக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். மனிதர் மழை வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தைப் பார்த்தாராம். எழுபதாவது நிமிஷம் வரைக்கும் முன்னால் இருந்தார்களாம். கடைசி நிமிஷத்தில் தோற்றார்களாம். "நீங்கள் சொன்னபடியே நடந்தது. நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது என் மனதை உடைக்க எனக்கு இரண்டு அணிகள். அடுத்த சனிக்கிழமையும் பார்ப்போம். முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி" என்று எழுதியிருக்கிறார். கீழே தளத்துக்காரர்கள் ஒரு வரி: அடுத்த பத்து அணிகளையும் நீங்களே எழுதுங்கள்.

அடியே, அப்பாடா என்று இருந்தது. பத்து மாதக் கல் அந்த டீக்கடை வாசலிலேயே இறங்கிவிட்டது. நான் உன்னிடம் சொன்ன பொய் நிஜமாகிவிட்டது என்று நினைத்தேன். மழை வீட்டை ஒருவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதே!

சிரித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த மத்தியானம் திரும்ப மனசில் ஓடியது. குறை ஒன்னும் சொல்லலயா என்று கேட்டாய். ஒன்னுமே சொல்லல என்றேன். குறையே இல்லை என்கிற வீட்டில் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறவரின் மகள் நீ. என் வாயிலிருந்து அது வந்த நொடியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த தெருவுக்குக்கூடப் போக வேண்டாம், மானேஜருக்கு ஒரு போன் போட்டால் போதும். போன் உன் தலையணைப் பக்கத்தில்தான் கிடந்தது. நீ எடுக்கவில்லை. என்னைச் சாப்பிடப் போகச் சொன்னாய். நான் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று இத்தனை நாள் அழுதேனே, மட்டி, மட்டி. என் குறை தெரிந்தேதான் கையைப் பிடித்திருக்கிறாய்.

உன் அம்மாவின் சட்டம் இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த பத்து அணிகளுக்கும் அதன்படிதான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு பொய் பாக்கி இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் "சாப்ட்டியா" என்று மெசேஜ் போட்டாய். சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன். சாப்பிடவில்லை. சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு டீக்கடை அண்ணனிடம் நாலு வடை வாங்கினேன். "என்னம்மா, ரெண்டு பேருக்கா?" என்று அவர் பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பரவாயில்லண்ணே என்றேன். குறையை முதலில் சொல்கிறேன்: பொடி பத்தவில்லை, ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. ஆனால் நாலையும் சாப்பிட்டுவிட்டேன்டி.