லக் என்று நீங்கள் சொன்னது

அப்பா,

இருந்த காலத்தில் உங்கள் முகம் பார்த்துக் கதைக்கத் தெரியாதவள், இப்போது மடல் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மதியம் கந்தோரில் வேலைக்கு நடுவே சாப்பிடும்போது பக்கத்துக் கதிரைப் பெண் போனில் போக்கர் விளையாடிக்கொண்டிருந்தாள். தோற்றதும் போனைக் கவிழ்த்து வைத்து, "இது முழுக்க லக், அக்கா" என்றாள். எனக்கு அதற்கு மேல் சாப்பிட மனம் வரவில்லை. உங்கள் வாயில் கேட்டுக் கேட்டுச் சலித்த சொல் அது.

ஞாயிறு பின்னேரங்களில் நம் முற்றத்தில் சீட்டுக் கடதாசி விளையாட்டு, முன்னூற்றிநாலு. நீங்களும் நானும் ஒரு சோடி. கிண்ணியா மீன்கார நானாவும் அவருடைய மச்சானும் மற்றச் சோடி. முதல் நாலு கடதாசி கைக்கு வந்ததும், எத்தனை புள்ளிக்குக் கேட்பது என்று சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லாதவர் "பாட்னர்" என்று எதிரில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம். நீங்கள் எப்போதும் தள்ளினீர்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் நான் தொகையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"என்ன அண்ணன், துறைமுகத்தில மூட்டை தூக்குற ஆள், இஞ்ச பிள்ளைக்குப் பின்னால ஒளிக்கிறீங்க?" என்பார் நானா.

எந்த ஜாக் விழுந்தது, யாரிடம் கிளாவர் இல்லை என்று நான் மனதுக்குள் வைத்திருப்பேன். நானா தாடியைச் சொறிந்தால் கையில் ஒன்றுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். வென்றதும் நீங்கள் சொல்வது ஒன்றுதான்: "அவளுக்கு லக்."

பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டபோதும் படலையில் விசாரித்தவர்களுக்கெல்லாம், "ஓம், பிள்ளைக்கு லக் அடிச்சிட்டுது" என்றீர்கள். நம் குடும்பத்தின் முதல் பட்டம். குசினி மேசையில் குந்தியிருந்து படித்த வருடங்களை அந்த ஒரு சொல் துடைத்துக்கொண்டு போனது.

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு நானா கடதாசிக்கட்டைப் பிரித்தார். என்னையும் கூப்பிட்டார். வென்றேன். "லக்" என்று நானே சொன்னேன்.

"விளங்கல்லயா மகள்?" என்றார். "கெட்டிக்காரி எண்டு சொன்னா நாவூறு, கண்ணூறு பட்டிரும் எண்டு பயந்த மனிசன். சந்தைக்கு வந்து, ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து, 'நாலு கடதாசியில அவள் முழுக்கட்டையும் வாசிக்கிறாள்' எண்டு என்ட காதுக்குள்ள சொல்லிட்டுப் போவார்."

விளங்கிவிட்டது, அப்பா. ஆனால் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை பெரிய பதவிக்கு நேர்முகத் தேர்வு. 'உங்களுடைய திறமை என்ன?' என்று கேட்பார்கள். போன முறை, "ஏதோ அதிர்ஷ்டம், சேர்" என்று சொல்லிவிட்டு வந்தனான். உங்கள் பயம் என் நாக்கில் குடியிருக்கிறது.

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும். இனி நீங்கள் சொன்னால் எந்த நாவூறும் என்னை எட்டாது. ஒருமுறை, சத்தமாக, "என்ர மகள் கெட்டிக்காரி" என்று சொல்லுங்கோ. என் கனவில் வரக் கூச்சமென்றால் அம்மாவின் கனவில் வந்து சொன்னாலும் போதும். அவ காலையில் தேத்தண்ணி தரும்போது எனக்குச் சொல்லிவிடுவா.