மழைக்குப் பொறுப்பு கவிதா

ஐப்பசி, செவ்வாய் இரவு

மறைமலை நகர் ஆபீசில் இன்று ரிஸ்க் மீட்டிங். வேலையில் எது தவறலாம், அதை யார் பார்த்துக்கொள்வது என்று திரையில் டைப் செய்வது நான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தைச் சொன்னவர் தலையிலேயே அதைக் கட்டிவிடுவார்கள். அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

புதிதாகச் சேர்ந்த கவிதாவுக்கு இது தெரியாது. "மழை வந்தா படப்பை ரோட்ல தண்ணி நின்னுடும் சார். பார்ட்ஸ் லாரி வராது, ஃபேக்டரில லைன் நின்னுடும்" என்றாள். போன வருஷம் அதே தண்ணீரில் மாட்டிக்கொண்ட நாங்கள் எல்லாரும் மேஜையைப் பார்த்தோம். மேனேஜர், "நல்ல பாயின்ட். நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்றார். கொஞ்சம் சரக்கைக் கூடுதலாக வாங்கி வைத்தால் போதும். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். 'பொறுப்பு' என்ற இடத்தில் நான் கவிதாவின் பெயரை டைப் செய்தேன்.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, மழைய நான் எப்டிக்கா நிறுத்துறது?" சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

இப்போது இங்கே தாம்பரத்தில் தூறல் போடுகிறது. பக்கத்துச் சேலையூரில், அவள் வீட்டில், அவள் தூங்கியிருக்க மாட்டாள்.