தூக்கிக் குடிக்காத காபி

வாஷியிலிருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்புமுன், ஆபீஸிலிருந்து வரப்போகும் மருமகளுக்கு விசாலம் சீட்டு எழுதினாள்.

"வந்தனா, மோர்க்குழம்பு மேடை மேல இருக்கு. சுட வச்சுக்கோ. வெளியே போனா சாவியை அடுத்தாத்து மாமிகிட்ட குடு.

நேத்து நீ சிரிச்சப்போ பார்த்தேன். லோக்கல் ரயில் கம்பியில இடிச்சு ஒடிஞ்ச முன்பல்லை செம்பூர் டாக்டர் ஒட்டிக் குடுத்து ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள பழுப்பு. சொந்தப் பல்லைவிட ஒட்டின இடம்தான் சீக்கிரம் கறை பிடிக்கும்னு அவர் சொன்னாரே. தூக்கிக் குடிக்கறவாளுக்குக் காபி முன்பல்லுல படாது. அப்போ என் வெள்ளி டம்ளரை நீ எச்சில் பண்ணித்தான் குடிச்சிண்டிருக்கே. இனிமே உனக்கு வேலைக்காரி டம்ளர். சிங்க்குக்குக் கீழ வச்சிருக்கேன்."

காபியைவிட மஞ்சள் மோசம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். மோர்க்குழம்பில் தாராளமாக மஞ்சள் போட்டிருந்த விசாலம் அதை மட்டும் எழுதவில்லை.

அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. இடுக்கி எழுதினாள்: "சாயங்காலம் கௌசிக்கோட மேனேஜர் வரார். வாயை மூடிண்டு சிரி."

சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வந்தனா பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கலாம்தான். சீட்டென்றால் அவள் புருஷன் கௌசிக்தான் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவன் எங்கும் தடுமாறக் கூடாதென்று விசாலம் முத்து முத்தாக எழுதியிருந்தாள்.