அல்பேட் அன் சன்ஸ் ஊறுகாய்

1997 மார்ச் 3, திங்கள்

எங்கள் எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தல் பேதி மருந்து மாதிரி இருக்கிறதாம். காத்தான்குடிக் கடைக்காரர் அப்துல் கபூர் மகள் அஞ்சலாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். "அம்மாட கை ருசிக்கு ஒரு குறையுமில்ல மகள். லேபல்தான் கண்ணுக்குப் புடிக்குதில்ல." நாற்பது வருடமாக வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. சுத்தமாக, நேராக. அது இப்போது பேதி மருந்து!

மார்ச் 7

மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். நிறம் வேண்டுமாம், படம் வேண்டுமாம், சிங்களத்திலும் பெயர் வேண்டுமாம் – கொழும்பிலிருந்து வரும் கந்தோர் உத்தியோகத்தரும் வாங்குவார்களாம். அச்சுக்கூடத்து அருளப்பு தேசிக்காய் என்று கீறிக்கொண்டு வந்தது கொய்யாப்பழம். திருத்தச் சொன்னேன். மூன்றாம் முறையும் கொய்யாப்பழம்.

மார்ச் 10

"வீட்டில ஒரு ஆம்பிளைப் பிள்ளையும் இல்ல, 'அன் சன்ஸ்' என்னத்துக்கம்மா? தேசிக்காய் வெட்டுறது நான், உப்புப் போடுறது நான், சைக்கிள்ல கொண்டுபோறதும் நான். என்ட பேரைப் போட்டா என்ன?"

குமர்ப்பிள்ளையின் பெயர் கடைத்தட்டில் கிடப்பதா என்றேன். குமருக்கு முப்பத்தெட்டு வயது. அல்பேட் அன் சன்ஸ் காலஞ்சென்ற அவளுடைய அப்பா வைத்த பெயர். நான் சாகும்வரை அதுதான். பேச்சு முடிந்தது.

மார்ச் 20

லேபல் இரண்டாயிரம் வந்தது. பெயர் மூன்று மொழியிலும், ஒன்றன்கீழ் ஒன்றாக. எழுத்துக்குப் பின்னால் பெரிதாக அந்தக் கொய்யாப்பழம்.

மார்ச் 24

காலை எட்டு மணிக்குப் பாலம் கடக்கப் போன அஞ்சலா நாலரைக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். இத்தனை காலம் பாலத்து ஆமி சென்றியில் ஒருவனும் எங்கள் போத்தலை வாசித்ததில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாது. இப்போது நாங்களே சிங்களத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறோமே, அல்பேட்டும் புத்திரர்களும் என்று! "புத்தாலா கோ?" என்றானாம் – மகன்மார் எங்கே? வீட்டு ஆட்பதிவில் இரண்டு பெண்கள் மட்டும். அப்படியானால் மகன்மார் காட்டில் புலிகளோடுதானே? வெயிலில் நிறுத்திவைத்துத் திரும்பத் திரும்ப அதே கேள்வி. பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டாள்.

அவள் அப்பவே சொன்னவள். நான் கேட்டனா?

மார்ச் 25

ஆமிக்காரர் வீட்டுக்கே வந்தார்கள். கட்டிலுக்கடியில் மகன்மார், அலுமாரிக்குள் மகன்மார், ஊறுகாய்ச் சாடிக்குள்ளும் மகன்மார்! மெழுகிய நிலமெல்லாம் சப்பாத்துச் சேறு. நான் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் அதிகாரி 'மேடம்' போட்டான். மகன்மார் எங்கே, மேடம்?

காட்டுகிறேன், வா என்று குடையை எடுத்துக்கொண்டு சேமக்காலைக்கு நடந்து, சின்னக் கல்லறையைக் காட்டினேன்.

அந்தோனி. 1957. ஒன்பது நாள்.

அவன் பிறந்த அன்றுதான் அல்பேட் அந்தப் பெயர்ப்பலகையை எழுதுவித்தார். அடக்கம் முடிந்து வந்ததும் அழிக்கச் சொன்னேன். "கிடக்கட்டும் செசீலியா" என்றார். கிடந்தது. பலகையின் கதை அஞ்சலாவுக்கே தெரியாது.

அதிகாரி பெயரையும் திகதியையும் கொப்பியில் எழுதினான். பக்கத்துக் கல்லறையில் ஏறி நின்றுகொண்டு எழுதினான். இறங்கு என்றேன். இறங்கினான். லேபலை மாற்றுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 29

லேபல்களின் வலப்பக்கத்தை நானே வெட்டுகிறேன். அஞ்சலாவைத் தொடவிடவில்லை. இரண்டாயிரம் 'அன் சன்ஸ்'. கொய்யாப்பழமும் பாதி போயிற்று.

ஏப்ரல் 11

"அந்தப் பாதிக் கொய்யாப்பழ ஊறுகாய் இருக்கா?" என்றுதான் சனம் கபூரிடம் கேட்கிறதாம். முன்னையைவிட நல்லாய் ஓடுகிறதாம். நாற்பது வருடப் பெயருக்கு வந்த கதி!

ஏப்ரல் 21

இன்று பாலத்தில் புதிய ஒருவன். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டானாம்:

"அல்பேட் கோ?"

உடனே அருளப்புவைக் கூப்பிட்டேன். தேசிக்காயை வடிவாகக் கீறித் தரட்டா என்று கேட்டார். வேண்டாம், பாதிக் கொய்யாப்பழமே இருக்கட்டும். பெயர் மட்டும் மாறவேண்டும். 'அஞ்சலா' – மூன்று மொழியிலும், பெரிய எழுத்தில்.

இனி எங்கே என்று கேட்டால், சைக்கிளில் இருப்பவளே பதில் சொல்லட்டும்.