தென்துருவத்தில் அப்பா பார்த்த வேலை

சோமனூர்,
2-2-2026

அன்புள்ள அருள் அண்ணனுக்கு,

தங்கை புவனா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் நலம். ஆக்லாந்தில் நீங்களும் அண்ணியும் நிதீஷும் நலமாக இருக்க வேண்டும். ரித்திகா பெருந்துறையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். உங்கள் மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் படி ஏறச் சொன்னால் மட்டும் வந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் அப்பா பேச்சை எடுத்தாலே, "அம்மணி, வேற ஏதாச்சும் பேசு" என்கிறீர்கள். கடிதத்தில் என்னை நடுவில் நிறுத்த முடியாது. கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள், அது போதும்.

குடியரசு தினத்தன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு மரியாதை செய்தார்கள். முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஏற்பாடு செய்தது. கேட்டவுடன் முடியாது என்றார். நான் இரண்டு நாள் நச்சரித்த பிறகு, "பொன்னாடை போத்தக் கூடாது, ஆரும் அழுவக் கூடாது, பத்து மணிக்கு முடிச்சுப்போடோணும்" என்று மூன்று நிபந்தனை போட்டுச் சம்மதித்தார். காரில் வரச் சொன்னால் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயதில், சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். பிள்ளைகள் கைதட்டி விசில் அடித்தார்கள். தலைமையாசிரியை அடக்கப் பார்த்து முடியாமல் அவரும் சிரித்துவிட்டார்.

மேடையில் வாசிப்பதற்கு அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். உட்கார்ந்து எழுதியபோதுதான் அது ஒரு பக்கத்தில் அடங்காது என்று தெரிந்தது. பத்தொன்பது வயதில், கிணற்று மோட்டார் வாங்கி வா என்று தாத்தா கோயமுத்தூருக்கு அனுப்பியதும், மோட்டாரைப் பத்திரமாக மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு இவர் ஆள் எடுக்கும் வரிசையில் போய் நின்றதும் உங்களுக்குத் தெரியும். பெங்களூரில் மெட்ராஸ் சேப்பர்ஸ், ராணுவத்துக்குப் பாலம் கட்டும் படை. எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில், குண்டு விழுந்துகொண்டிருந்த ஆற்றில் கயிற்றுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போய் அக்கரையில் முடிச்சுப் போட்டவர். அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் பாலம் கட்டினார்கள். அறுபத்தொரு வயதில் புல்லட்டில் லடாக் போய்வந்தார். அறுபத்தைந்து வயதில் நம் மேற்குத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்த மாரியாத்தாள் அக்காவின் பேத்தியைக் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தார். அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். விழாவுக்கு வந்து அவர் காலில் விழுந்தாள். அழக்கூடாது என்ற நிபந்தனையை முதலில் மீறியது அவள்தான்.

தென்துருவத்தைப் பற்றி மட்டும் நான் ஒரே வரிதான் எழுதியிருந்தேன். "1987-ல் இந்தியக் குழுவோடு அண்டார்க்டிகா சென்று ஓராண்டு தங்கிப் பணியாற்றினார்." நம் வீட்டில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் கேட்டதும் இல்லை.

விழா முடிந்து வீட்டுக்கு வந்து அப்பா சட்டையைக் கழற்றக்கூட இல்லை, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். துடியலூரில் இருந்து வருகிறார்களாம். அவர் பெயர் ஞானாபரணம், பெண் அவர் மகள் டெய்சி. அப்பாவோடு தென்துருவத்தில் வயர்லெஸ் பார்த்தவர். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் விழா அழைப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அப்பா அவரைப் பார்த்ததும், "ஏப்பா ஞானம், தலைமுடியெல்லாம் எங்க போச்சு?" என்றார். அவர் சிரிக்கவில்லை. அப்பாவின் இடது கையை எடுத்து, நுனி இல்லாத அந்த இரண்டு விரல்களையும் தடவிக்கொண்டே நின்றார்.

அந்த விரல்கள் எப்படிப் போயின என்று கேட்டால் அப்பா நம்மிடம் என்ன சொல்வார் என்று நினைவிருக்கிறதா? "மெஷின்ல மாட்டிருச்சு கண்ணு." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காபி குடித்த பிறகு, "உங்கள வெச்சுக்கிட்டுத்தான் நான் இதச் சொல்லோணும் அம்மணி" என்று ஞானாபரணம் என்னை உட்காரச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஜூலை மாதம். அங்கே அப்போது சூரியன் எழவே எழாது. கப்பலும் வராது, விமானமும் வராது. மூன்று நாளாகப் பனிப்புயல். தங்கும் குடிலில் பதினான்கு பேர். ஜெனரேட்டர் தனிக் கொட்டகையில். இரண்டுக்கும் நடுவே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும், கயிற்றை விட்டால் ஆளைத் தேட முடியாது. இருந்த இரண்டு ஜெனரேட்டரில் ஒன்று ஏற்கெனவே பிரித்துக் கிடந்தது. அன்று காலை மற்றதும் நின்றுபோனது. மின்சாரம் இல்லையென்றால் சூடு இல்லை. ராத்திரிக்குள் ஓடவைக்காவிட்டால் ஒருவரும் பிழைக்க மாட்டார்கள். அந்த இயந்திரத்தைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் நம் அப்பா ஒருவர்தான்.

அப்பா கொட்டகைக்குப் போன ஒரு மணி நேரத்தில், பாட்டரியில் ஓடிய வயர்லெஸ்ஸில் இந்தியாவிலிருந்து அப்பாவுக்கு ஒரு செய்தி வந்தது. ஹவில்தார் காளிச்சாமியின் மனைவி முத்தாத்தாள் மூளைக்காய்ச்சலில் காலமானார்.

"எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசுங்க. அந்தத் துண்டுக் காயிதத்தக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். இதக் குடுத்தா அண்ணன் கை நடுங்கும். நடுங்குனா பதினாலு பேரும் போயிருவோம். ஆருகிட்டயும் சொல்லல. பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்" என்றார்.

பிறகு அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்துப் போயிருக்கிறார். சின்னத் திருகாணிகளைக் கையுறை போட்டுக்கொண்டு பிடிக்க முடியாது. அப்பா இடது கையின் உறையைக் கழற்றிவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். இரும்பில் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்து, "ஊர்லருந்து சேதி ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "இல்லீங்கண்ணா" என்று சொல்லிவிட்டார்.

பதினொரு மணி நேரம் கழித்து ஜெனரேட்டர் ஓடியது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டபோது, இவர் அந்தக் காகிதத்தை நீட்டினார். அப்பா படித்தார். மடித்தார். "சரி" என்றார். கையைக் கட்டிவிடச் சொல்லி டாக்டரிடம் நீட்டினார். அப்போதே இரண்டு விரல் நுனியும் கறுத்துப்போயிருந்ததாம்.

"முப்பத்தெட்டு வருசமா எனக்கு இது நெஞ்சுல இருக்குதுங்கண்ணா. பொண்டாட்டி செத்ததுகூடத் தெரியாம உங்கள வேலை செய்ய வெச்சுப்போட்டேன். கடவுள்கிட்ட கேட்டுட்டேன். உங்ககிட்டதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு ஞானாபரணம் எழுந்து கை கூப்பினார். டெய்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா அவரைப் பிடித்து உட்காரவைத்தார். அப்போது அப்பா சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், அண்ணா.

"எனக்குத் தெரியும் ஞானம். தெனமும் டீ கொண்டாரப்ப 'அண்ணா டீ, அண்ணா டீ'ன்னு கயித்துலருந்தே கத்திக்கிட்டு வருவ. அன்னைக்குச் சத்தமே இல்ல. மூஞ்சியப் பாத்தேன். ஊட்ல ஏதோ நடந்துபோச்சுன்னு புரிஞ்சுது. ரெண்டாந்தடவ கேட்டிருந்தா நீ சொல்லிருப்ப. அதான் நான் கேக்கல. பதினாலு பேருக்கும் ஊட்ல ஆளு இருக்குதில்ல?"

பிறகு அப்பாவே மெதுவாகச் சொன்னார்: "புள்ளைகள்ல ஒண்ணோ, முத்தாவோன்னு பதினொரு மணி நேரமும் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. வேலை முடியட்டும், அப்புறம் அழுதுக்கலாம்னு வெச்சேன். அப்புறம் அழுவையே வர்ல."

அண்ணா, எனக்கு அப்போது ஒன்பது வயது. உங்களுக்குப் பதினான்கு. மொட்டை அடித்து, ஈரத் துணியோடு நீங்கள் அம்மாவுக்குக் கொள்ளி வைத்ததை நான் மாமா தோளில் இருந்து பார்த்தேன். மூன்றாம் நாள்தான் அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. "பிள்ளைகளை மாமன் பார்த்துக்கொள்ளவும்." அவ்வளவுதான். நீங்கள் அதைக் கிழித்து அடுப்பில் போட்டீர்கள். ஏன் மூன்று நாள், ஏன் ஒரே வரி என்று நானும் இத்தனை வருடம் மனதுக்குள் கேட்டிருக்கிறேன். ஞானாபரணத்திடமே கேட்டுவிட்டேன். அந்தச் செய்தி வந்த பிறகு புயலில் ஆண்டெனா விழுந்துவிட்டதாம். அதை நிமிர்த்திக் கட்ட இரண்டு நாள் ஆயிற்றாம். ஓடிய ஒரே ஜெனரேட்டரின் மின்சாரம் சூட்டுக்கே சரியாகிவிட்டதால், பாட்டரியில் மிச்சம் இருந்ததை வைத்து ஒருவருக்கு ஒரு வரிதான் அனுப்ப முடிந்ததாம். "அண்ணன் கைல கட்டுப் போட்டிருந்துச்சு. அவரு சொல்லச் சொல்ல நாந்தான் அனுப்புனேன். 'அருளு'ன்னு ஆரம்பிச்சாரு, அப்புறம் அத வேண்டாம்னுட்டாரு" என்றார்.

அடுத்த மார்ச்சில் அப்பா பெருந்துறைக்கு நம்மைப் பார்க்க வந்தபோது, நீங்கள் மாமா வீட்டு அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டீர்கள். அவர் சாயங்காலம் வரை வாசலில் நின்றார். கையில் கட்டு இல்லை, ஆனால் பாதி நேரம் அந்தக் கையைப் பையில்தான் வைத்திருந்தார். உங்கள் கோபம் தப்பு என்று நான் எழுத வரவில்லை. அந்த வயதில் கொள்ளி வைக்கும் வேலையை உங்கள் தலையில் வைத்தது தப்புதான். அது யாருடைய தப்பு என்பதுதான் இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞானாபரணம் போகும்போது அப்பா கார் வரைக்கும் நடந்து போனார். இரண்டு பேரும் காரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஏதோ பேசிச் சிரித்தார்கள். திரும்பி வந்ததும் நான் போனை எடுத்தேன். அண்ணனிடம் இப்போதே சொல்கிறேன் என்றேன். அப்பா போனை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். "வேண்டாம் கண்ணு. சாக்குச் சொல்றாப்பல இருக்கும். அவன் பதினாலு வயசுல ஒத்தையில நின்னான். அது நான் செஞ்சதவிடப் பெரிய காரியம்" என்றார்.

தன்னைப் பற்றி ஊரே பேசிய அன்று அவர் வாயிலிருந்து வந்த பெருமை அது ஒன்றுதான். உங்களைப் பற்றி. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன வியாழக்கிழமை அப்பாவைக் கோயமுத்தூர் கூட்டிப்போய் இதயத்துக்குப் படம் எடுத்தோம். டாக்டர் சொன்னதை இதில் எழுதவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும், வழக்கம்போல அவர் ஒன்றும் கேட்கவில்லை. எக்ஸ்எல் சாவியை மட்டும் அவராகவே உங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்.

நிதீஷின் பள்ளி விடுமுறை ஏப்ரலில் என்று அண்ணி சொன்னார். அதுவரை வேண்டாம், அண்ணா. இந்த மாதமே வாருங்கள். தனியாக வந்தாலும் சரி. வந்து நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை, அவரும் பேச மாட்டார். அவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். நீங்களாக வந்ததாகவே இருக்கட்டும்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும் தங்கை,
புவனா